போங்கு ஆட்டம் எது?

2000 ஜனவரி. தென்னாப்பிரிக்காவின் செஞ்சூரியன் மைதானம். இங்கிலாந்துடனான ஐந்தாவது டெஸ்டில் மூன்று நாட்களை மழை தின்றுவிட்டது. டிராதான் என்று எல்லோரும் பெட்டி கட்டத் தயாரானபோது, தென்னாப்பிரிக்க கேப்டன் ஹான்ஸி குரோனியே எதிரணி கேப்டன் நாசர் ஹுசைனிடம் ஒரு யோசனை சொன்னார். ஆளுக்கொரு இன்னிங்ஸை விட்டுக்கொடுத்துவிடலாம். கடைசி நாளில் ஓர் இலக்கு வைத்து மோதிப் பார்த்துவிடலாம். டெஸ்ட் கிரிக்கெட்டில் அதற்கு முன் அப்படி நடந்ததில்லை. 249 ரன் இலக்கை இங்கிலாந்து 2 விக்கெட் மிச்சம் வைத்து எட்டியது. தோற்றாலும் பரவாயில்லை, வந்த ஜனங்களுக்கு ஓர் ஆட்டத்தைக் காட்டினாரே என்று குரோனியேவை மெச்சியவர்கள் உண்டு. சில மாதங்களுக்குப் பிறகு, நீதிபதி கிங் தலைமையிலான விசாரணை ஆணையத்தின் முன் மிச்சக் கதை வெளிவந்தது. ஆட்டம் டிராவாகாமல் ஏதாவது ஒரு முடிவுக்கு வர வேண்டும் என்று சூதாட்டத் தொழிலில் இருந்த ஒருவர் கேட்டிருக்கிறார். பணமும் ஒரு தோல் ஜாக்கெட்டும் கைமாறியிருக்கின்றன.

2010 ஜூலை 2. அதே நாட்டின் ஜோகன்னஸ்பர்க். உலகக் கோப்பைக் கால்பந்துக் காலிறுதி, உருகுவேயும் கானாவும். கூடுதல் நேரத்தின் கடைசி நிமிடம். கானா வீரர் தலையால் முட்டிய பந்து கோலுக்குள் போகிறது. கோல்கீப்பர் எங்கோ கிடக்கிறார். கோட்டில் நின்ற லூயிஸ் சுவாரெஸ் இரு கைகளாலும் அதைத் தட்டிவிட்டார். சிவப்பு அட்டை, பெனால்டி. அசமோவா கியான் அடித்த பெனால்டி குறுக்குக் கம்பத்தில் பட்டு மேலே போனது. பிறகு நடந்த பெனால்டி ஷூட்-அவுட்டில் உருகுவே ஜெயித்தது. ஜெயித்திருந்தால் அரையிறுதிக்குப் போன முதல் ஆப்பிரிக்க நாடு கானாவாக இருந்திருக்கும்.

இந்த இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் விளையாட்டறம் பற்றிய பேச்சின் முடிச்சு எங்கே இருக்கிறதென்று தெரியும். குரோனியே அன்று மைதானத்தில் எதிரணிக்கும் நடுவருக்கும் ஒளித்து எதையும் செய்யவில்லை. சுவாரெஸ் உலகமே பார்க்க விதியை உடைத்தார். ஆனால் இவர்களில் யார் மோசடிக்காரர் என்று கேட்டால், விவரம் தெரிந்த யாரும் முதல் ஆளைத்தான் காட்டுவார்கள். கானாக்காரர்கள் சுவாரெஸை இன்றுவரை மன்னிக்கவில்லை என்பது வேறு விஷயம். விதியை மீறுவதும் ஏமாற்றுவதும் ஒன்றல்ல. இந்த விவாதத்தில் பாதிக் குழப்பம் இரண்டையும் ஒரே மூட்டையில் கட்டுவதால் வருவது.

அப்படிக் கட்டியதற்கு ஒரு தத்துவப் பின்னணியும் இருக்கிறது. கனடாவில் தத்துவம் கற்பித்த பெர்னார்ட் சூட்ஸ் 1978இல் எழுதிய 'தி கிராஸ்ஹாப்பர்' என்ற நூலில் விளையாட்டுக்கு ஓர் இலக்கணம் சொன்னார். தேவையே இல்லாத தடைகளை நாமே விரும்பி ஏற்றுக்கொண்டு அவற்றைத் தாண்டப் பார்ப்பதுதான் விளையாட்டு என்பது அதன் சாரம். குழிக்குள் பந்து விழ வேண்டும் என்பது மட்டுமே நோக்கமென்றால் கையில் எடுத்துப் போய்ப் போட்டுவிடலாம். கோலால் அடித்துத்தான் போடுவேன் என்று ஒப்புக்கொள்வதில்தான் கோல்ஃப் பிறக்கிறது. இதிலிருந்து ஒரு கறாரான முடிவுக்கு வந்தார்கள்: விதியை மீறியவன் அந்த ஆட்டத்தை ஆடவே இல்லை, ஆடாதவன் அதில் எப்படி ஜெயிக்க முடியும்?

கேட்க அழகாக இருக்கிறது. ஆனால் எந்தக் கால்பந்து ஆட்டத்திலும் பத்து இருபது ஃபவுல் விழத்தான் செய்கிறது. சூட்ஸ் வழியில் கறாராகப் போனால் உலகில் இதுவரை ஒரு கால்பந்து ஆட்டம்கூட நடந்திருக்காது. 1981இல் ஃப்ரெட் டி'அகோஸ்டினோ இதற்கு மறுமொழி எழுதினார். எழுதிய விதிகளோடு சேர்ந்து ஒவ்வொரு ஆட்டத்துக்கும் எழுதாத ஒரு வழக்கம் உண்டு. எந்த மீறலைப் பொறுப்பது, எதற்குத் தண்டனையோடு விடுவது, எதைச் செய்தால் ஆளையே ஒதுக்கிவைப்பது என்று அதுதான் தீர்மானிக்கிறது என்றார்.

இதைத் தெரிந்துகொள்ள நமக்குத் தத்துவ இதழ் வேண்டியதில்லை. தெரு கிரிக்கெட் ஆடியிருந்தால் போதும். ஒன் பிட்ச் கேட்ச் உண்டா, எதிர்வீட்டு மாடியில் பந்து விழுந்தால் அவுட்டா, கடைக்குட்டித் தம்பி ஒப்புக்குச் சப்பாணியா, இல்லை கணக்கில் சேர்த்தியா என்று ஆட்டத்துக்கு முன்னால் ஒரு மாநாடே நடக்கும். பேட்டிங் அணியின் ஆள்தான் அம்பயர். அவன் தன் கட்சிக்குக் கொஞ்சம் சாய்வான் என்பதும் எல்லோருக்கும் தெரியும். அதற்கெல்லாம் யாரும் 'போங்கு' என்று கத்த மாட்டார்கள். ஓவரில் ஐந்து பந்து முடிந்திருக்க நாலு என்று எண்ணினால் கத்துவார்கள். காலில் பட்ட பந்தைப் படவில்லை என்று சாதித்தால் கத்துவார்கள். யாழ்ப்பாணத்துப் பிள்ளைகள் இதையே அளாப்புவது என்பார்கள். மீறலைவிட மறைப்பும் சாதிப்பும்தான் அந்தச் சொற்களில் கனக்கின்றன. நாம் எல்லோரும் ஆடுவதாக நினைத்துக்கொண்டிருக்கும் ஆட்டம் ஒன்று, இவன் ரகசியமாக ஆடுவது இன்னொன்று. அந்த இரட்டைக் கணக்குதான் போங்கு.

இந்த உரைகல்லில் தேய்த்தால் சில பழைய வழக்குகள் தெளிகின்றன. 1986இல் மெக்சிகோவின் அஸ்டெகா மைதானத்தில் மாரடோனா கையால் போட்ட கோலும் சுவாரெஸ் கையால் தடுத்ததும் ஒரே விதியை மீறியவைதாம். ஆனால் மாரடோனா நடுவர் பார்த்திருக்கக் கூடாதென்று விரும்பினார், தலையால் முட்டியதுபோல் கொண்டாடினார், கோலை வாங்கிக்கொண்டார். சுவாரெஸ் மறைக்க முடியாத இடத்தில் நின்று செய்தார், விலையைக் கொடுத்தார், அடுத்த ஆட்டத்திலும் உட்கார்ந்தார். மாரடோனா செய்தது போங்கு. சுவாரெஸ் செய்தது ஒரு பேரம். அந்தப் பேரத்தின் விலை குறைவாக இருந்தது என்றால் அது விதி எழுதியவர்களின் பிழை. ரக்பியில் நிச்சயமாகக் கிடைத்திருக்க வேண்டிய புள்ளியை ஃபவுல் செய்து தடுத்தால், நடுவர் அந்தப் புள்ளியையே கொடுத்துவிடுவார். கூடைப்பந்திலும் கூடைக்குள் இறங்கும் பந்தைத் தட்டினால் புள்ளி உண்டு. கால்பந்து மட்டும் பந்தைப் பன்னிரண்டு கஜத் தூரத்தில் வைத்து, இன்னொரு முறை போட்டுக் காட்டு என்கிறது.

இப்படி விலை கொடுத்து வாங்கும் ஃபவுலை அறமென்று ஏற்கலாமா என்பது தனிச் சண்டை. கூடைப்பந்தில் ஷகீல் ஓ'நீல் போன்ற, ஃப்ரீ த்ரோ சரியாகப் போடத் தெரியாத பெரிய ஆட்களை வேண்டுமென்றே பிடித்து இழுத்து, இரண்டு ஃப்ரீ த்ரோவுக்கு அனுப்புவது ஓர் உத்தியாகவே வளர்ந்தது. இதை எதிர்த்து எழுதியவர்களில் முக்கியமானவர் வாரன் ஃப்ரேலி. ஆட்டம் எந்தத் திறமையைச் சோதிக்க ஏற்பட்டதோ அதை இந்த உத்தி ஓரங்கட்டுகிறது என்பது இந்தத் தரப்பின் வாதம். அதில் நியாயம் இருக்கிறது. ஆனாலும் அது ஆட்டத்தை அசிங்கமாக்குவது பற்றிய புகார்; ஏமாற்றைப் பற்றியது அல்ல. 1981இல் மெல்போர்னில் கடைசிப் பந்தில் ஆட்டத்தைச் சமன் செய்ய நியூசிலாந்துக்கு ஆறு ரன் தேவைப்பட்டபோது, அண்ணன் கிரெக் சாப்பல் சொல்லி தம்பி ட்ரெவர் பந்தைத் தரையோடு உருட்டிவிட்டதும் இந்த வகைதான். அன்றைய விதி அதை அனுமதித்தது. பார்த்தவர்கள் முகம் சுளித்தார்கள். விதி மாறியது.

விதியை மீறாதவரையே ஏமாற்றுக்காரர் என்று ஏசிய வழக்குகளும் இருக்கின்றன. கிரிக்கெட்டைப்போல் வேறெந்த ஆட்டமும் அவற்றைச் சேர்த்து வைத்திருக்கவில்லை. 1947 டிசம்பரில் சிட்னியில் வினு மன்கட், பந்து வீசுமுன்பே கிரீஸை விட்டுக் கிளம்பிய பில் பிரவுனை ரன் அவுட் செய்தார். அதே பயணத்தில் முன்பொரு ஆட்டத்திலும் பிரவுனை எச்சரித்து, கேட்காததால் அப்படியே அவுட்டாக்கியிருந்தார். ஆஸ்திரேலியக் கேப்டன் பிராட்மனே மன்கட் செய்ததில் தவறில்லை என்று எழுதினார். இருந்தும் எழுபது ஆண்டுகளுக்கு மேலாக ஓர் இந்தியரின் குடும்பப் பெயர் ஓர் ஏச்சுச் சொல்லாகப் புழங்கியது. திருட்டு ரன்னுக்குக் கிளம்பியவரின் பெயரை யாரும் எதற்கும் வைக்கவில்லை.

2019 மார்ச்சில் ஜெய்ப்பூரில் அஸ்வின் ஜாஸ் பட்லரை அதே முறையில் ரன் அவுட் செய்தபோது பழைய பாட்டு திரும்ப ஒலித்தது. விதிகளின் காவலரான லண்டன் மெரில்போன் கிரிக்கெட் கிளப் முதலில் ஒன்று சொல்லி, மறுநாள் மாற்றிச் சொன்னது. சென்னைப் பையன் மசியவில்லை. விதியில் இருக்கிறது, செய்தேன் என்று நின்றார். 2022 அக்டோபரில் அந்த ரன் அவுட்டை 'முறையற்ற ஆட்டம்' என்ற பிரிவிலிருந்து தூக்கி, சாதாரண ரன் அவுட் பிரிவில் வைத்தார்கள். அதற்கு ஒரு வாரம் முன்புதான் லார்ட்ஸில் தீப்தி சர்மா சார்லி டீனை அப்படி அவுட்டாக்கி வசை வாங்கியிருந்தார். 'ஆட்டத்தின் மாண்பு' என்ற முகவுரையே விதிநூலில் 2000இல்தான் ஏறியது. ஏதோ ஆதியிலிருந்து இருந்த வேதம்போல் அதை ஓதுகிறவர்களைப் பார்த்தால் எனக்குச் சிரிப்பு வரும்.

'கனவான்களின் ஆட்டம்' என்ற சொல்லையும் கொஞ்சம் சுரண்டிப் பார்க்க வேண்டும். இங்கிலாந்தில் கனவான்கள் என்றால் கூலி வாங்காமல் ஆடியவர்கள். 'ஆட்டக்காரர்கள்' என்றால் கூலிக்காரர்கள். இரு தரப்பும் தனித்தனி அணியாக 1962 வரை மோதினார்கள். கூலி வாங்காதவர் என்று பெயர் பெற்ற டபிள்யூ. ஜி. கிரேஸ், செலவுக் கணக்கிலும் நிதியளிப்பிலும் கூலிக்காரர்களைவிட அதிகம் சம்பாதித்தார். அதே காலத்துப் புனிதத்துக்குப் பலியானவர் ஜிம் தோர்ப். அமெரிக்கப் பூர்வகுடியைச் சேர்ந்தவர். 1912 ஸ்டாக்ஹோம் ஒலிம்பிக்கில் பென்டத்லானிலும் டெக்கத்லானிலும் தங்கம் வென்றார். முன்பு ஏதோ சின்ன பேஸ்பால் அணியில் சொற்பக் கூலிக்கு ஆடினார் என்று அடுத்த ஆண்டே இரண்டையும் பிடுங்கினார்கள். அவர் இறந்து முப்பது ஆண்டு கழித்து 1983இல் பதக்கங்களின் நகல்கள் குடும்பத்துக்குக் கிடைத்தன. தனி வெற்றியாளர் என்ற பட்டம் 2022இல்தான் வந்தது. இன்றைக்குச் சம்பளம் வாங்காத ஒலிம்பிக் நட்சத்திரத்தைத் தேட வேண்டும்.

ஆகவே 'ஏமாற்றுக்காரன்' என்ற சொல் யார் வாயிலிருந்து யார்மேல் விழுகிறது என்பதையும் கவனிக்க வேண்டியிருக்கிறது. 1995 டிசம்பர் 26 அன்று மெல்போர்னில் கண்டித் தமிழரான முத்தையா முரளிதரனின் பந்துகளை எறிபந்து என்று நடுவர் டாரல் ஹேர் ஏழு முறை நோ-பால் கூவினார். 1999 ஜனவரியில் அடிலெய்டில் இன்னொரு நடுவர் கூவ, இலங்கைக் கேப்டன் ரணதுங்க அணியை எல்லைக்கோடு வரை அழைத்துப் போய்விட்டார். முரளியின் முழங்கை பிறவியிலேயே முழுதாக நீளாதது. சோதனைமேல் சோதனை செய்தார்கள். கடைசியில் அதிவேகக் கேமராக்கள் காட்டியது வேறு: கண்ணுக்குச் சுத்தமாகத் தெரிந்த பெரும் வேகப்பந்து வீச்சாளர்களின் கைகளும் வீசும்போது கொஞ்சம் நிமிர்ந்துகொண்டுதான் இருந்தன. 2005இல் எல்லோருக்கும் பொதுவாக 15 டிகிரி என்று வரம்பு வைத்தார்கள். அவருக்காக விதியை வளைத்தார்கள் என்று இப்போதும் சொல்பவர்கள் உண்டு. வளைத்திருக்காவிட்டால் பழைய விதிப்படி ஏறக்குறைய எல்லோரும் எறிகாரர்களாகியிருப்பார்கள் என்பதை அவர்கள் சொல்வதில்லை.

இதைவிடக் கசப்பானது புதுக்கோட்டை மாவட்டத்துச் சாந்தி சௌந்தரராஜனின் கதை. 2006 தோஹா ஆசியப் போட்டியில் 800 மீட்டரில் வெள்ளி. செங்கல் சூளைத் தொழிலாளிகளின் மகள். பாலினச் சோதனையில் தேறவில்லை என்று பதக்கத்தைப் பறித்தார்கள். அவர் எதையும் மறைக்கவில்லை, எதையும் விழுங்கவில்லை, தன் உடம்போடு ஓடினார். பெண்கள் பிரிவின் எல்லை எங்கே என்பது விளையாட்டு உலகம் இன்னும் விடை காணாத உண்மையான கேள்வி. ஆனால் அந்தக் கேள்வியின் பாரத்தை ஒரு பெண்ணின் தலையில் ஏற்றி, திருடியைப்போல ஊருக்கு அனுப்பியதற்கு எந்த விதிநூலிலும் இடமில்லை.

தண்டனையிலும் கணக்கு நேராக இல்லை. 2018 மார்ச்சில் கேப் டவுனில் ஆஸ்திரேலியாவின் பேன்கிராஃப்ட் உப்புத்தாளால் பந்தைச் சுரண்டிப் பிடிபட்டார். ஆட்டவிதிப்படி பந்தைச் சேதப்படுத்தினால் எதிரணிக்கு 5 ரன், பந்தை மாற்றுவார்கள். சர்வதேச கவுன்சில் கேப்டன் ஸ்மித்துக்கு ஒரு டெஸ்ட் தடை விதித்தது. ஆஸ்திரேலிய வாரியமோ ஸ்மித்துக்கும் துணைக் கேப்டன் வார்னருக்கும் ஓராண்டு, பேன்கிராஃப்டுக்கு ஒன்பது மாதம் என்று தீட்டிவிட்டது. 1994இல் பையில் மண் வைத்திருந்த இங்கிலாந்துக் கேப்டன் ஆதர்டன் அபராதத்தோடு தப்பினார். தென்னாப்பிரிக்காவின் டு பிளெஸ்ஸி இரண்டு முறை மாட்டியும் கேப்டனாக நீடித்தார். ஸ்மித்துக்கு விழுந்த அடியில் உப்புத்தாளுக்கு உரியது கொஞ்சம்; மிச்சம், திட்டமிட்டுச் செய்து, நடுவரிடம் வேறொரு துணியைக் காட்டி, மறைக்கப் பார்த்ததற்கு. அந்த மிச்சம்தான் போங்கின் விலை என்றால் எனக்கு ஆட்சேபம் இல்லை. அதே அணியின் பயிற்சியாளர் லேமன், 2013இல் விளிம்பில் பட்ட பந்துக்கு வெளியேறாமல் நின்ற ஸ்டூவர்ட் பிராடை ஏமாற்றுக்காரர் என்று வானொலியில் சொல்லி அபராதம் கட்டியவர். உப்புத்தாள் விவகாரம் அவருக்குத் தெரியாது என்றுதான் விசாரணை சொன்னது. நடுவர் விரல் தூக்கும்வரை நிற்பது பிராடுக்கு முன்பே பெரும்பாலோரின் வழக்கம். ஆஸ்திரேலியர்களின் வழக்கமும் அதுதான்.

என் உரைகல்லுக்குச் சங்கடம் தரும் வழக்கொன்று உண்டு. 2010 ஆகஸ்டில் லார்ட்ஸில் பாகிஸ்தானின் ஆசிஃபும் பதினெட்டு வயது ஆமிரும் சொல்லிவைத்த நேரத்தில் மூன்று நோ-பால் போட்டார்கள். கேப்டன் சல்மான் பட்டும் உடந்தை. மீறல் நடுவர் கண்முன்னே நடந்தது. நடுவர் கூவினார். எதிரணிக்கு ரன் கிடைத்தது. அதாவது ஏமாந்தவர் ஆதாயம் பெற்றார்! ஆனாலும் மூவரும் அடுத்த ஆண்டு சிறைக்குப் போனார்கள், சரியாகத்தான் போனார்கள். அங்கே திறந்து காட்டியது காலடி மட்டும். யாருக்காக அந்த அடி விழுந்தது என்பது மூடிக் கிடந்தது. குரோனியேவின் இன்னிங்ஸும் அப்படித்தான். எதிரணி மட்டுமல்ல, கேலரியில் வெயில் காய்ந்தவனும் ஆட்டத்தில் ஒரு பங்காளி என்று ஒப்புக்கொண்டால்தான் இந்த வழக்குகள் புரியும். 2012 லண்டன் ஒலிம்பிக்கில் பெண்கள் இரட்டையர் இறகுப்பந்தில் சீனா, தென்கொரியா, இந்தோனேசியாவின் நான்கு ஜோடிகள் காலிறுதியில் சாதகமான எதிரி கிடைக்க வேண்டுமென்று வேண்டுமென்றே தோற்கப் பார்த்து நீக்கப்பட்டார்கள். அவர்கள் யாரையும் ஏமாற்றவில்லை. அரங்கமே ஊளையிடும் அளவுக்கு அப்பட்டமாகச் செய்தார்கள். போட்டி அட்டவணையை அப்படி வரைந்தவர்கள் யாரும் நீக்கப்படவில்லை.

ஊக்கமருந்துக்கு வந்தால் பேச்சு வேறு தளத்துக்குப் போகிறது. 1988 சியோலில் பென் ஜான்சன் 100 மீட்டரை 9.79 வினாடியில் ஓடி, மூன்று நாளில் தங்கத்தை இழந்தார். அந்த இறுதி ஓட்டத்தில் ஓடிய எட்டுப் பேரில் பெரும்பாலோர் தங்கள் வாழ்நாளில் ஏதோ ஒரு கட்டத்தில் ஊக்கமருந்துப் பிரச்சினையில் சிக்கினார்கள். எல்லோரும் செய்கிறார்கள் என்றால் அதில் ஏமாற்று எங்கே? ஏழு டூர் டி பிரான்ஸ் பட்டங்களை 2012இல் இழந்த லான்ஸ் ஆம்ஸ்ட்ராங், அடுத்த ஜனவரியில் ஓப்ரா வின்ஃப்ரேயிடம் இதைத்தான் சொன்னார். ஏமாற்று என்றால் பிறரிடம் இல்லாத சாதகத்தைப் பெறுவது என்று அகராதியில் பார்த்ததாகவும், தான் செய்ததை அப்படிப் பார்க்கவில்லை என்றும். அந்த ஏழு பட்டங்களையும் அமைப்பாளர்கள் வேறு யாருக்கும் கொடுக்கவில்லை. கொடுக்கத் தகுந்த அடுத்த ஆளைத் தேடினாலும் பட்டியலில் கறை படியாத பெயர் கிடைப்பது அவ்வளவு கஷ்டம்.

அகராதி வாதத்துக்குப் பதில் கிறிஸ்தோஃப் பாஸோன் என்ற பிரெஞ்சுக்காரரிடம் இருக்கிறது. மருந்து தொடாதவர் என்று பெயர் பெற்ற மிதிவண்டி வீரர். 1999 டூரில் ஓடிக்கொண்டே, ஊக்கமருந்துப் பழக்கம் ஒழியவில்லை என்று நாளிதழில் எழுதினார். கூட வந்தவர்கள் பேசுவதை நிறுத்தினார்கள். ஓட்டத்தின் நடுவே ஆம்ஸ்ட்ராங் பக்கத்தில் வந்து, இப்படிப் பேசுவதானால் வீட்டுக்குப் போ என்ற ரீதியில் சொன்னார். பாஸோன் சில நாளில் போட்டியை விட்டே விலகினார். எல்லோரும் செய்தார்கள் என்ற கணக்கில், செய்யாததால் துரத்தப்பட்டவன் வருவதே இல்லை. 'எல்லோரும்' என்பதை அப்படித்தான் தயாரிக்கிறார்கள்.

கிழக்கு ஜெர்மனியில் அதை அரசே தயாரித்தது. 1974இல் தொடங்கிய ரகசியத் திட்டத்தில் ஆயிரக்கணக்கான வீரர்களுக்கு ஆண் ஹார்மோன் மாத்திரை போனது. நீச்சல் பயிற்சியிலிருந்த சிறுமிகள் பலருக்கு அது வைட்டமின் என்று சொல்லிக் கொடுக்கப்பட்டது. குரல் கட்டையாகி, கல்லீரல் கெட்டு, பிள்ளைப்பேறு சிக்கலாகி வாழ்ந்தவர்கள் அவர்கள். அவர்களின் பதக்கங்கள் ஏமாற்றால் வந்தவை. ஆனால் அவர்கள் ஏமாற்றுக்காரர்கள் அல்ல.

நம்மிடத்திலும் வீட்டைப் பெருக்க வேண்டியிருக்கிறது. 2023இல் இந்தியாவில் எடுத்த 5,606 மாதிரிகளில் 3.8 சதவீதத்தில் ஊக்கமருந்து இருந்தது. நிறையச் சோதனை செய்யும் நாடுகளில் இது மிக மோசமான விகிதம். அதே ஆண்டு செப்டம்பரில் டெல்லி மாநிலத் தடகளப் போட்டியில் சோதனை அதிகாரிகள் வந்திருக்கிறார்கள் என்று தெரிந்ததும் வீரர்கள் கலைந்தார்கள். ஆண்கள் 100 மீட்டர் இறுதிக்கு ஒரே ஒருவர்தான் கோட்டில் நின்றார். சர்க்கார் வேலைக்கும் ரயில்வே இடத்துக்கும் ஒரு சான்றிதழ்தான் கதவு என்றாகிவிட்ட குடும்பங்களிலிருந்து வரும் பிள்ளைகள் அவர்களில் எத்தனையோ பேர். பிறந்த தேதியை இரண்டு வருஷம் குறைத்துப் பதினாறு வயதுக்குட்பட்ட அணியில் நுழைப்பதும் இதே கதவுக்காகத்தான். அதனால்தான் கிரிக்கெட் வாரியம் பையன்களின் மணிக்கட்டு எலும்பைப் படம் பிடித்து வயது பார்க்கிறது. ஏழ்மை இதை விளக்கும். பக்கத்துத் தடத்தில் அதே ஏழ்மையோடு, மருந்தில்லாமல் ஓடி நாலாவதாக வந்த பிள்ளைக்கு அந்த விளக்கத்தால் என்ன பயன் என்பதுதான் எனக்கு விளங்கவில்லை.

1987 அக்டோபர் 9, சேப்பாக்கம். உலகக் கோப்பையில் இந்தியாவும் ஆஸ்திரேலியாவும். டீன் ஜோன்ஸ் தூக்கி அடித்த ஒரு பந்துக்கு நடுவர் நாலு ரன் காட்டினார். ஜோன்ஸுக்கு அது சிக்ஸர் என்று உறுதி. இன்னிங்ஸ் முடிந்தபோது ஆஸ்திரேலியா 268. இடைவேளையில் அவர்கள் முறையிட, நடுவர்கள் இந்தியக் கேப்டன் கபில் தேவிடம் கேட்டார்கள். நடுவர் கொடுத்தது கொடுத்ததுதான் என்று சொல்லியிருந்தால் யாரும் அவரைப் போங்கு என்றிருக்க முடியாது; நான் இதுவரை எழுதியதன்படி பார்த்தாலும் முடியாது. சரி, ஆறாகவே போடுங்கள் என்றார் கபில். எண் 270 ஆனது. கடைசி ஓவரின் ஐந்தாவது பந்தில் ஸ்டீவ் வா மணிந்தர் சிங்கின் ஸ்டம்பைச் சாய்த்தார். இந்தியா 269.